எந்த உடலுக்கு இந்த அளவு?

கல்வராயன் மலையின் கரியாலூர் காவல் நிலைய எல்லையில் சாராய ஊறல் அழிப்பு என்ற செய்தி மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வரும். ஓடையோரப் புதருக்குள் பிளாஸ்டிக் பேரல்கள். அவற்றில் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறிக்கொண்டிருக்கும். போலீஸார் தேடிக் கண்டுபிடித்துக் கவிழ்த்துவிட்டு, இத்தனை லிட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். 2024 ஜூன் மாதத்துக்குப் பிறகு இந்தக் கணக்கு வேகமெடுத்தது. கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பாக்கெட் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்துபோனதும், காவல் துறையின் பார்வை மலையேறியது.

ஆனால் கருணாபுரத்தில் உயிர் குடித்தது மலை ஊறலில் காய்ச்சி இறக்கிய சரக்கு இல்லை. வெல்லத்தை ஊறவைத்துக் காய்ச்சினால் கிடைப்பது பெரும்பாலும் எத்தனால். அதுவும் உடம்பைக் கெடுக்கும், குடும்பத்தைக் குலைக்கும். ஒரே ராத்திரியில் தெருவையே பிணமாக்காது. இங்கே வந்து சேர்ந்தது மெத்தனால். பெயின்ட், தின்னர், பிசின், ஃபார்மலின் தயாரிக்கும் ஆலைகளுக்கு டேங்கரில் போகிற சரக்கு. காய்ச்சும் வேலையே இல்லை. தண்ணீர் ஊற்றிக் கலந்து, பாக்கெட் போட்டு விற்றார்கள். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். அது சென்னைப் புறநகர் ஆலையொன்றிலிருந்து வெளியே போனது என்று விசாரணையில் தெரியவந்தது.

அதாவது, அரசு மறைவான மலைச்சரிவில் தேடிய விஷம், அரசின் சொந்த அட்டவணையில் பெயரும் எண்ணும் போட்டு எழுதப்பட்டிருக்கிற பொருள். அந்த எண்ணைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

1984 போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தை 1987-இல் திருத்தினார்கள். அப்போது 41-எஃப் என்ற பிரிவும் அதை ஒட்டி ஓர் அட்டவணையும் சேர்ந்தன. வேலையிடக் காற்றில் எந்த நச்சுப்பொருள் எவ்வளவு வரை இருக்கலாம் என்பதே அந்த அட்டவணை. மெத்தில் ஆல்கஹால் என்ற பெயரில் மெத்தனாலும் அதில் உண்டு: எட்டு மணி நேரச் சராசரியாகக் காற்றின் பத்து லட்சம் பங்கில் 200 பங்கு, அல்லது ஒரு கனமீட்டருக்கு 260 மில்லிகிராம். நம்மவர்கள் உட்கார்ந்து ஆராய்ந்து கண்டுபிடித்த எண் இல்லை இது. அமெரிக்கத் தொழில்நல வல்லுநர்களின் சங்கமொன்று 1946-லேயே தன் பட்டியலில் போட்டிருந்த அதே 200. அந்தச் சங்கத்தின் பெயரில் 'அரசு' என்ற சொல் இருக்கிறதே தவிர, அது அரசு அமைப்பு இல்லை. அதன் பட்டியலை அமெரிக்க அரசு 1971-இல் மொத்தமாக எடுத்துச் சட்டமாக்கியது. உலகின் பல நாடுகள் பார்த்து எழுதிக்கொண்டன. அந்தப் பட்டியலின் பல எண்கள், சம்பந்தப்பட்ட நிறுவனங்களே கொடுத்த, வெளியிடப்படாத தகவல்களின் பேரில் உருவானவை என்று 1988-இல் காசில்மன், சீம் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியபோது பெரிய சர்ச்சையானது. அந்தச் சங்கமே தன் எண்களைப் பற்றிச் சொல்வது, ஏறக்குறைய எல்லாத் தொழிலாளர்களும் நாள்தோறும் தாங்கக்கூடிய அளவு என்றுதான். ஏறக்குறைய.

260 மில்லிகிராம் என்றால் எவ்வளவு என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேலை செய்கிற ஆள் ஒரு ஷிஃப்டில் சுமார் பத்து கனமீட்டர் காற்றை இழுத்து விடுகிறார் என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. அப்படியானால் அனுமதித்த அளவிலேயே நிற்கிற ஆலையில் அவர் இழுக்கும் காற்றோடு 2,600 மில்லிகிராம், அதாவது மூன்று மில்லிக்குச் சற்று மேல், மெத்தனால் வருகிறது. அதில் ஒரு பகுதி மூச்சோடு வெளியே போய்விடும். சுத்தமான மெத்தனால் பத்து மில்லி குடித்தாலே பார்வை போகலாம், முப்பது மில்லியில் உயிர் போகலாம் என்பது மருத்துவப் புத்தகங்கள் சொல்லும் அளவு. அனுமதிக்கும் ஆபத்துக்கும் நடுவில் இவ்வளவு கொஞ்சமாகவா இடைவெளி என்று தோன்றும். எட்டு மணி நேரத்தில் துளித்துளியாக வருவதை உடம்பு அவ்வப்போது கழித்துவிடும், ஒரே மடக்கில் வந்தால் திணறிவிடும் என்பதே பதில். பதில் சரிதான். ஆனால் அது ஓர் உடம்பை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட பதில். அந்த உடம்பு எது?

எல்லை வகுக்கும் முறையைப் பார்த்தால் விளங்கும். விலங்குகளுக்கு ஒரு பொருளைப் பல அளவுகளில் கொடுத்துப் பார்க்கிறார்கள். எந்த அளவு வரை கெடுதல் எதுவும் தென்படவில்லையோ அதைக் குறித்துக்கொள்கிறார்கள். விலங்கிலிருந்து மனிதனுக்கு வரும்போது ஒரு பத்தாலும், மனிதருக்கு மனிதர் வேறுபடுவதால் இன்னொரு பத்தாலும் வகுக்கிறார்கள். ஆக நூறு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் இருந்த லேமன், ஃபிட்ஸ்ஹியூ ஆகிய இருவர் 1954-இல் முன்வைத்த வழி இது. இயற்கை விதி எதுவும் இல்லை. கைவசமிருந்த அனுபவத்தில் போட்ட ஒரு மதிப்பு. உணவில் கலக்கும் பொருள்களுக்கும் பூச்சிக்கொல்லி எச்சத்துக்கும் இன்றுவரை அதுவே அடிப்படை. ஆலைத் தொழிலாளிக்கு இந்த நூறு மடங்குக் கருணையும் கிடையாது. வேலைக்கு வருகிறவர் வயது வந்தவர், ஆரோக்கியமானவர், ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விடுவார் என்று வைத்துக்கொண்டு, பொதுமக்களுக்கான எல்லையைவிடத் தளர்வான எல்லையை அவருக்கு வைக்கிறார்கள்.

மெத்தனால் விஷயத்தில் எலி மனிதனை நன்றாகவே ஏமாற்றியது. மெத்தனாலை ஈரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. கண் நரம்பைக் கருக்குவதும் ரத்தத்தைப் புளிக்கவைப்பதும் இந்த ஃபார்மிக் அமிலம். எலி அதைச் சட்டென்று கழித்துவிடும். அதனால் எலிக்குக் கண் போவதில்லை. மனிதனும் குரங்கும் மெதுவாகத்தான் கழிக்க முடியும். குரங்குகளில் சோதித்த பிறகுதான், 1950-களின் நடுவில், இது பிடிபட்டது. அதைவிட முக்கியமானது பிறகு தெரிந்தது. இந்த அமிலத்தைக் கழிக்க உடம்புக்கு ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். கீரையிலும் பயறு வகைகளிலும் ஈரலிலும் இருப்பது. ஃபோலேட் இல்லாத தீவனம் போட்டு வளர்த்த எலிக்கு மெத்தனால் கொடுத்தால், மனிதனுக்கு நேர்வது அந்த எலிக்கும் நேர்கிறது.

இந்த ஒரு தகவலைக் கையில் வைத்துக்கொண்டு கருணாபுரத்தைப் பாருங்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் மூட்டை தூக்குகிறவர்கள், தூய்மைப் பணி செய்கிறவர்கள், அன்றாடக் கூலிகள். பெண்களும் உண்டு. உடம்பு வலிக்குக் குடித்தார்கள், பல வருடங்களாகக் குடித்தார்கள். தொடர்ந்து குடிப்பவர் உடம்பில் ஃபோலேட் குறைவாக இருப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த சங்கதி. அரைவயிற்றுச் சாப்பாடு அதை இன்னும் குறைக்கும். அட்டவணையின் 200 என்ற எண்ணுக்குப் பின்னால் நிற்கிற ஆள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, எட்டு மணி நேரம் உழைத்து, மீதி நேரம் ஓய்வெடுக்கிற, எழுபது கிலோ எடையுள்ள ஆண். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் மூட்டை இறக்குகிற ஐம்பது கிலோ மனிதர் அந்த ஆள் இல்லை. இருவரும் ஒரே அளவு மெத்தனாலைச் சந்தித்தால் விளைவு ஒன்றாக இருக்காது.

ஆலைக் காற்றுக்கான எல்லையைக் குடித்துச் செத்தவர்களோடு ஏன் முடிச்சுப் போடுகிறாய் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காரணம் இதுதான்: ஒரு பொருளின் ஆபத்தை அரசு எந்த இடத்தில் வைத்து அளக்கிறதோ, அந்த இடத்தோடு தன் பொறுப்பும் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது. மெத்தனாலை ஆலையின் காற்றுக்குள் அளந்தார்கள். ஆலை வாசலைத் தாண்டியதும் அது வெறும் சரக்கு, ஒரு பில், ஒரு டேங்கர். தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்று 1959-லேயே விதிகள் வந்துவிட்டன. விதி இருந்தும் பேரல் பேரலாக வெளியே போனது என்றால், எத்தனை லிட்டர் உள்ளே வந்தது, எத்தனை லிட்டர் உற்பத்தியில் கரைந்தது என்று கழித்துப் பார்க்கிற ஆள் இல்லை என்று அர்த்தம். மலை ஓடையில் கவிழ்த்த ஊறலுக்கு லிட்டர் கணக்கு வருகிறது. ஆலையில் காணாமல் போகும் மெத்தனாலுக்கு வருவதில்லை.

வாசலுக்கு உள்ளேயாவது எல்லாரும் இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர், பயன்படுத்தாத இடத்தில் இருபது பேர் வேலை செய்தால்தான் 1948 சட்டப்படி அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொழில்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இந்தப் பத்தை இருபதாகவும் இருபதை நாற்பதாகவும் உயர்த்தியது. பதினைந்து பேர் தின்னர் கலக்கும் பட்டறையின் காற்று ஒரே நாளில் சுத்தமாகிவிடவில்லை. எண்ணிக்கை மாறியதால் அது தொழிற்சாலை என்ற கணக்கிலிருந்து வெளியே போனது.

எல்லை என்பது பேரம்பேசி எட்டும் எண் என்பதற்கு நம் இன்னொரு மலையே சாட்சி. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை உள்ளூர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொண்டுவந்த பிறகு நடந்தது அது. 2003-இல் பாதரசக் கழிவுகளைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆலை மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். எந்த அளவு வரை? கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிச்சமிருக்கலாம் என்று முடிவானது. பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு வைத்திருக்கிற அளவைப்போல் இது இருபது மடங்கு என்று போராடியவர்கள் சொன்னார்கள். இன்னும் ஆழமாகத் தோண்டினால் மண்ணும் மரமும் போய்விடும், பக்கத்துப் பாம்பார் சோலைக்கு அதுவே கேடு என்று நிறுவனமும் ஆய்வு நிறுவனங்களும் சொல்லின. இரண்டு வாதங்களிலும் பொருள் உண்டு. எனக்கு உறுத்துவது வேறு. 20 என்பது அறிவியல் சொன்ன எண் என்ற தொனியில் அது அறிவிக்கப்பட்டது. உண்மையில் தோண்டும் செலவு, மரம், அங்கே நாளை யார் குடியிருப்பார்கள் என்ற ஊகம், பாதரசத்தின் நஞ்சு ஆகிய எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டுச் சிலர் எடுத்த முடிவு அது. முடிவெடுக்கலாம், யாராவது எடுத்துத்தான் ஆக வேண்டும். எதை எதற்காக விட்டுக்கொடுத்தோம் என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

உலகம் முழுக்க இந்தக் கதைதான். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும் என்று அமெரிக்கா 1960-களில் வைத்திருந்த அளவு, டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம். பிறகு 40, 30, 25, 10, 5 என்று இறங்கி, 2021-இல் 3.5-க்கு வந்து நிற்கிறது. இத்தனை காலத்தில் ஈயம் மாறவில்லை. பாதுகாப்பானது என்று சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறைகளின் மூளை அதற்கு விலை கொடுத்திருக்கிறது. பென்சீன் எல்லையைப் பத்து லட்சத்தில் பத்துப் பங்கிலிருந்து ஒன்றாகக் குறைக்க 1978-இல் உத்தரவு போட்டார்கள். 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஒன்று 1987-இல்தான் மீண்டும் சட்டமானது. நடுவில் போன ஒன்பது வருடம் தொழிலாளிகளின் எலும்பு மஜ்ஜைக்குள் போனது. நம் ஊரில், சுவாசிக்கும் நுண்துகளுக்கு 2009-இல் வைத்த ஆண்டுச் சராசரி எல்லை கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 5. நுரையீரல் ஒன்றுதான், எல்லை எட்டு மடங்கு.

இதையெல்லாம் சொல்வதால் எல்லைகளே வேண்டாம் என்று ஆகாது. எல்லையே இல்லாத காலத்தில் தீப்பெட்டித் தொழிலாளியின் தாடை எலும்பு வெள்ளைப் பாஸ்பரஸில் அழுகிப்போனது. எண் ஒன்று எழுத்தில் இருந்தால்தான் அதை மீறினாய் என்று வழக்குப் போட முடியும். குறை எண்ணில் அல்ல. எண்ணைப் போட்டுவிட்டு அளக்காமல் இருப்பதிலும், யாரை விட்டுவிட்டோம் என்று சொல்லாமல் இருப்பதிலும் இருக்கிறது.

கருணாபுரத்துக்குப் பிறகு அரசு என்ன செய்தது? மாவட்ட ஆட்சியரை மாற்றியது, காவல் கண்காணிப்பாளரைப் பணியிடை நீக்கம் செய்தது, ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது, குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தது. மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை ஏற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் வழக்கை சிபிஐ வசம் ஒப்படைத்தது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கும் எடுத்தது. இதில் கடைசியாகச் சொன்னது அருமையான காரியம். 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்து, அதற்குப் பிறகும் பட்டாவுக்கும் சாலைக்கும் அலைகிற மலையாளிப் பழங்குடி மக்களைச் சாராயத்தோடு மட்டும் சேர்த்து நினைக்கிற பழக்கம் நம்மைவிட்டுப் போக வேண்டும். சாமையும் தினையும் மரவள்ளியும் கடுக்காயும் விளைகிற மலை அது. ஆனால் இந்தப் பட்டியலில் எங்கேயும் மெத்தனால் ஆலையிலிருந்து கிளம்பும் பாதை மாறவில்லை. தண்டனையை ஏற்றுவதற்குச் செலவில்லை. ஒவ்வொரு உரிமதாரரின் இருப்பையும் மாதாமாதம் கழித்துப் பார்க்க ஆள் வேண்டும், பணம் வேண்டும், சில பெரிய மனிதர்களைப் பகைக்கவும் வேண்டும்.

செய்ய முடியாத காரியம் எதையும் யாரும் கேட்கவில்லை. மெத்தனாலில் உற்பத்தி நிலையிலேயே சாயமும், நாக்கில் வைக்க முடியாத கசப்புப் பொருளும் கலந்துவிடலாம். சில வகை உற்பத்திக்கு அது இடைஞ்சல் என்று தொழில்துறை சொல்லும். அந்த வகைகளுக்கு மட்டும் தனி உரிமமும் தனிக் காவலும் வைத்துவிட்டு மற்றதற்குக் கட்டாயமாக்கலாம். மெத்தனாலை எரிபொருளாக்கும் திட்டத்தை நிதி ஆயோக் முன்னெடுத்துவருகிறது. அது பலித்தால் சாலையில் ஓடும் மெத்தனால் பன்மடங்காகும். அதற்கு முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். எந்த நச்சுப்பொருளுக்கு எல்லை அறிவித்தாலும், அது எத்தனை கிலோ எடையுள்ள, என்ன சாப்பிடுகிற, எத்தனை மணி நேரம் உழைக்கிற ஆளுக்குப் போட்ட எண் என்பதைத் தமிழில், அரசிதழிலேயே எழுதட்டும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் இரத்தசோகை உள்ளவருக்கும் இது பொருந்தாது என்றால் அதையும் எழுதட்டும். ஆலைக் காற்றை அளந்த முடிவை ஆலைச் சுவரிலேயே ஒட்டட்டும்.

அடுத்தது ஆஸ்பத்திரி. மெத்தனால் விஷத்துக்கு மாற்று மருந்து உண்டு. ஃபோமெபிசோல் என்ற ஊசி, ஈரல் மெத்தனாலை அமிலமாக்குவதைத் தடுக்கும், அது இல்லாவிட்டால் எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பார்கள், முற்றிவிட்டால் டயாலிசிஸ். கள்ளக்குறிச்சி சாவுகளின்போது இந்த மருந்தின் இருப்பைப் பற்றி எதிர்க்கட்சித் தலைவருக்கும் சுகாதார அமைச்சருக்கும் நடந்த வாக்குவாதம், ஓமெப்ரசோல் என்ற வயிற்றுப்புண் மருந்தின் பெயரில் போய்ச் சிக்கி நின்றது. பேரையே குழப்பிக்கொள்ளும் அளவுக்கு அரிதான மருந்தாக அது இருக்கக் கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கட்டாய இருப்பாகவும், மலையேறிப் போக வேண்டிய ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதலுதவி நெறிமுறையாகவும் இருக்க வேண்டும்.

2024 ஜூன் 19 அன்று முதலாவது சாவுகள் நடந்தபோது, இவை கள்ளச்சாராயச் சாவுகள் அல்ல என்று மாவட்ட நிர்வாகம் சொன்னது. அந்தச் சில மணி நேரத்தில் இன்னும் எத்தனை பாக்கெட்டுகள் பிரிக்கப்பட்டன என்று கணக்கெடுத்தவர் இல்லை. மெத்தனால் குடித்தவருக்கு முதல் அரை நாள் வெறும் போதை மாதிரியே இருக்கும். பிறகு வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு; கண் முன்னால் வெள்ளையாகப் படலம் விழும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ குடித்தவர் ஒருவர் கண் மங்குகிறது என்று சொன்னால், தெளியட்டும் என்று படுக்கவைக்காதீர்கள், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று தயங்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். அவர் என்ன குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூடக் குடித்தவர்களையும் அழைத்துப் போங்கள்.